வில்லங்கமும் ஓதமும்: வீட்டை விற்பவர் எதைச் சொல்லக் கடமைப்பட்டவர்?

1. பத்திரம் பேசுவதும் பேசாததும்

தமிழ்நாட்டில் எழுதப்படும் கிரயப் பத்திரம் எதையும் எடுத்துப் படித்துப் பார்க்கலாம். விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது என்ற வரலாறு முதலில் வரும். தாய்ப்பத்திரத்தின் எண், பதிவான ஆண்டு, சார்பதிவகத்தின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். அடுத்தது உறுதிமொழி. அடமானம், ஜப்தி, கோர்ட் வழக்கு, மைனர் பாத்தியதை, ஜீவனாம்சம் என எந்த முன் வில்லங்கமும் சொத்தில் இல்லை என்றும், பின்னிட்டு ஏதேனும் தோன்றினால் விற்பவரே முன்னின்று தம் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பார் என்றும் அது சொல்லும். கடைசியில் சொத்து விவரம்: நான்கு எல்லைகள், சர்வே எண், சதுர அடி. மின் இணைப்புக்குக் கட்டிய டெபாசிட்கூட விடுபடாது.

இத்தனை சொல்லும் பத்திரம், அந்த வீட்டுக்குள் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் வருமா என்பதைச் சொல்லாது. மொட்டைமாடித் தளம் ஒழுகுகிறதா, நிலைக்கதவைக் கரையான் அரித்திருக்கிறதா, கூரைக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்கிறதா, போர் தண்ணீரை வாயில் வைக்க முடியுமா என்ற கேள்விகளுக்கும் அதில் இடமில்லை. வாங்குபவர் குடியேறிய பிறகு, தம் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்தபின், இவற்றுக்கான பதிலை ஒவ்வொன்றாகக் கண்டுகொள்கிறார்.

வீட்டைப் பற்றித் தமக்குத் தெரிந்த குறையை விற்பவர் வாய்திறந்து சொல்லக் கடமைப்பட்டவரா, அல்லது கேட்டுத் தெரிந்துகொள்வது வாங்குபவரின் பொறுப்பா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இது தனிமனித நேர்மையைச் சார்ந்தது என்றும், வீட்டின் நிலைமையைச் சொல்லும்படி நம் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றும் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. கடமை சட்டத்தில் 140 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் ஒரு தாள் மட்டும் நம்மிடம் உருவாகவில்லை. இதை நிறுவுவதும், அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்று ஆராய்வதும் என் நோக்கம்.

2. சட்டத்தின் வாசகம்

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள கடமைகளைப் பட்டியலிடுகிறது. விற்பவரின் முதல் கடமையே வெளிப்படுத்தல்தான். சொத்தில் முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாமலும், சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாததாகவும் இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்று அதே பிரிவின் இறுதியில் வெளிப்படையாகவே எழுதப்பட்டுள்ளது.

இந்தக் கடமைக்கு நான்கு நிபந்தனைகள் இருக்கின்றன. குறை அற்பமானதாக இருக்கக் கூடாது. விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாங்குபவருக்குத் தெரியாதிருக்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாததாக இருக்க வேண்டும். முதல் நிபந்தனைக்கு நீதிமன்றங்கள் கையாளும் அளவுகோல் 1834இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட ஃப்ளைட் எதிர் பூத் வழக்கிலிருந்து வருகிறது. இந்தக் குறை தெரிந்திருந்தால் வாங்குபவர் இந்த ஒப்பந்தத்துக்கே வந்திருக்க மாட்டார் என்று நியாயமாகக் கருத முடிந்தால் அது முக்கியமான குறை.

பிரிவின் வரலாற்றில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு செய்தி உண்டு. இன்று அந்த வாசகம் சொத்தில் உள்ள குறை, சொத்தின் மீதான விற்பவரின் உரிமைமூலத்தில் உள்ள குறை என்று இரண்டையும் குறிப்பிடுகிறது. ஆனால் 1882இல் இயற்றப்பட்டபோது உரிமைமூலம் பற்றிய சொற்கள் அதில் இல்லை. அவை 1929ஆம் ஆண்டின் 20ஆம் சட்டத்தால் சேர்க்கப்பட்டவை. முதல் 47 ஆண்டுகள் அந்தப் பிரிவின் வாசகம் சொத்தின் குறையை மட்டுமே பெயர்சொல்லிக் குறிப்பிட்டது. பின்னால் சேர்ந்த விருந்தாளி வீட்டையே எடுத்துக்கொண்டதுபோல, இன்று வழக்கறிஞர் அலுவலகத்திலும் சார்பதிவகத்திலும் வங்கியிலும் உரிமைமூலம் பற்றிய பேச்சு மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெறும் மௌனம் மோசடி ஆகாது என்பது அதன் 17ஆம் பிரிவின் பொது விதி. பேச வேண்டிய கடமை இருக்கும் இடத்தில் மட்டும் மௌனம் மோசடியாகும். இதை விளக்க அந்தச் சட்டம் ஒரு குதிரையை உதாரணம் காட்டுகிறது. நோயுற்ற குதிரையை ஏலத்தில் விற்பவன் வாய்திறக்காவிட்டால் அது மோசடியில்லை. ஆனால் வாங்குபவள் அப்போதுதான் பருவம் எய்திய அவன் மகள் என்றால் அவன் சொல்லியாக வேண்டும். வாங்குபவர், ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்ல நிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்வேன்’ என்ற பொருளில் கேட்டபின் விற்பவன் சும்மா இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். குதிரையை விற்பவனுக்கு இல்லாத கடமையை வீட்டை விற்பவருக்கு 55ஆம் பிரிவு நேரடியாகவே விதித்துவிட்டது. எனவே வீட்டு விற்பனையில் மௌனம் சாதாரண மௌனம் இல்லை.

அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, மோசடியால் சம்மதம் பெறப்பட்ட ஒப்பந்தத்தை ரத்துசெய்யும் உரிமையை ஏமாந்தவருக்குத் தருகிறது. ஆனால் மௌனத்தால் விளைந்த மோசடிக்கு அங்கே ஒரு விலக்கும் உண்டு: சாதாரண முயற்சியில் உண்மையைக் கண்டறிய வழி இருந்திருந்தால் அந்த உரிமை கிடைக்காது. ‘சாதாரணக் கவனம்’ எது என்ற கேள்வியில்தான் இந்த விவகாரத்தின் பாதி அடங்கியிருக்கிறது.

3. ஈராயிரம் ஆண்டுப் பழைய வாதம்

இந்தக் கேள்வி நமக்கு முன்பே ரோமாபுரியில் எழுந்தது. கி.மு. 44இல் சிசரோ எழுதிய ‘கடமைகள்’ நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வீட்டு விற்பனை விவாதிக்கப்படுகிறது. உடல்நலத்துக்கு ஒவ்வாத வீடு. படுக்கையறைகளில் பாம்பு வரும். மரம் மோசமானது, இடிந்துவிழும் நிலையில் இருப்பது. இவை உரிமையாளரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. சொல்லாமல் விற்கலாமா? இரண்டு தத்துவவாதிகளின் நிலைப்பாடுகளைச் சிசரோ எதிரெதிரே நிறுத்துகிறார். பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனிஸ், விற்பவர் யாரையும் வாங்கச் சொல்லி வற்புறுத்தவில்லை, தன் பொருளின் குறையைத் தானே கூவி விற்பவன் எவனும் உண்டா என்ற பக்கம் நிற்கிறார். தார்சஸ் ஊரின் ஆன்டிபேட்டர், வழி தவறியவனுக்கு வழிசொல்லாமல் இருப்பதைவிட இது கொடியது என்கிறார். சிசரோவின் தீர்ப்பு ஆன்டிபேட்டரின் பக்கம் சாய்கிறது. சொல்லாமலிருப்பது வேறு, உன் லாபத்துக்காகப் பிறர் அறியக்கூடாது என்று விரும்புவது வேறு என்று அவர் பிரித்துக் காட்டுகிறார்.

அவர் சொல்லும் உண்மை வழக்கு இன்னும் கூர்மையானது. கேலியன் குன்றில் டைபீரியஸ் கிளாடியஸ் சென்டுமாலஸ் என்பவருக்கு ஒரு வீடு இருந்தது. குறிபார்க்கும் பூசாரிகள் வானத்தை நோக்குவதற்கு அது மறைப்பாக இருந்ததால், உயரமான பகுதியை இடிக்கும்படி அவருக்கு ஆணையிட்டார்கள். அவர் வீட்டை விற்பனைக்கு விட்டார். கல்பர்னியஸ் லனாரியஸ் வாங்கினார். அதே ஆணை அவருக்கும் வந்தது; இடித்தார். ஆணை வந்த பிறகே வீடு விற்பனைக்கு வந்தது என்று பின்னர் தெரிந்தபோது வழக்குப் போட்டார். தெரிந்திருந்தும் சொல்லாததால் நேர்ந்த இழப்பை விற்பவர் ஈடுசெய்ய வேண்டும் என்று நீதிபதி மார்கஸ் கேட்டோ தீர்ப்பளித்தார். அனுமதியில்லாமல் கட்டிய மாடிக்கு நோட்டீஸ் வந்ததும் அவசரமாக விற்கப்படும் வீட்டை நாம் அறியாதவர்கள் இல்லை.

இன்னொரு வழக்கில், மாரியஸ் கிராட்டிடியானஸ் ஒரு வீட்டைச் செர்ஜியஸ் ஓராட்டாவுக்கு விற்றார். வீட்டின்மேல் பிறருக்கு இருந்த ஓர் உரிமையை விற்பனையின்போது அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டைச் சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு விற்றவரே ஓராட்டாதான். வாங்குபவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லவில்லை என்று குறைசொல்ல முடியுமா என்று கிராட்டிடியானஸுக்காக வாதாடிய அன்டோனியஸ் கேட்டார். விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாத குறை என்ற நம் 55ஆம் பிரிவின் எல்லைக்கோடு, அந்த வாதத்திலேயே தெளிவாகத் தெரிகிறது.

ரோமின் இந்த மரபு தமிழர் வாழும் ஒரு நிலத்தில் நேரடியாகத் தொடர்கிறது. இலங்கையின் பொதுச் சட்டம் ரோம-டச்சுச் சட்டம். நில விற்பனையில் மறைந்த குறைக்கான தீர்வுகள் அந்த வழியிலேயே அங்கு வந்து சேர்ந்தன. இந்தியாவுக்கு வந்தது ஆங்கில வழி. ‘வாங்குபவரே, விழித்திரு’ என்பது அதன் பழைய கொள்கை. 1882ஆம் ஆண்டின் சட்டம் அந்தக் கொள்கையைக் கைவிடவில்லை. அதற்கு ஒரு வரம்பு கட்டியது. விழித்திருப்பவர் கண்ணுக்கும் தெரியாததை விற்பவர் சொல்ல வேண்டும் என்றது.

4. கடமை ஏன் உறங்குகிறது?

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது நடைமுறை ஏன் இப்படி இருக்கிறது? நான்கு காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, வீட்டைச் சரிபார்க்கும் ஆட்கள். வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போனால் வழக்கறிஞர் ஒருவர் 30 ஆண்டு வில்லங்கச் சான்றிதழையும் மூலப்பத்திரங்களையும் பார்த்துக் கருத்துரை தருகிறார். மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து அளந்து விலை சொல்கிறார். ஒருவர் பார்ப்பது காகிதத்தை, மற்றவர் பார்ப்பது விலையை. வீட்டின் உடம்பைப் பார்க்க யாரும் வருவதில்லை. வங்கியே இரண்டு பேரை அனுப்பிச் சரிபார்த்துவிட்டது என்ற நிம்மதியில் வாங்குபவரும் மூன்றாவது ஆளைத் தேடுவதில்லை.

இரண்டாவது, விலை. சந்தை விலைக்கும் பத்திரத்தில் காட்டப்படும் விலைக்கும் இடையே ரொக்கமாகக் கைமாறும் பணம் நம் ஊரில் ரகசியமே இல்லை. பின்னால் குறை தெரிந்து வழக்குக்குப் போகும் வாங்குபவர், தாம் உண்மையில் கொடுத்த தொகையை நீதிமன்றத்தில் சொல்ல முடியாமல் நிற்கிறார். விலையை மறைக்க இருவரும் சேர்ந்து மௌனம் காத்த பிறகு, குறையை மறைத்த ஒருவரின் மௌனத்தை எதிர்த்துப் பேசுவது கடினம்.

மூன்றாவது, திரும்பிப் போவதற்கான செலவு. இன்று தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 80 லட்சத்துக்குப் பதிவாகும் வீட்டுக்கு இது மட்டும் 7 லட்சத்து 20 ஆயிரம். தரகு, வங்கிக் கட்டணம், குடிமாறும் செலவு வேறு. மோசடி தெரியவந்த நாளிலிருந்து வழக்குத் தொடர மூன்றாண்டு அவகாசத்தைக் காலவரம்புச் சட்டம் தந்தாலும், ஒழுகும் தளத்துக்கு இரண்டு லட்சம் செலவழித்துவிட்டு வாய்மூடிக்கொள்வதே பலருக்கும் மலிவாகப் படுகிறது.

நான்காவது, இருக்கும் புதிய சட்டத்தின் எல்லை. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிவிக்கப்பட்டால் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்யும் பொறுப்பைக் கட்டுநர் மீது சுமத்துகிறது. அதற்குள் மறுவிற்பனையில் வாங்கியவரும் கட்டுநரைக் கேட்கலாம். ஆனால் பதினைந்து வருஷப் பழைய ஃப்ளாட்டை ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்கு விற்கும்போது இந்தச் சட்டம் குறுக்கே வருவதில்லை. அங்கே எஞ்சுவது 1882 மட்டுமே.

இவற்றோடு பழக்கத்தின் பங்கும் உண்டு. வீடு பார்க்கப் போகிறவர்கள் வாஸ்து கேட்பார்கள். வாசல் எந்தத் திசை, சமையலறை அக்னி மூலையில்தானா என்று பார்ப்பார்கள். வீட்டில் துர்மரணம் ஏதும் நடந்ததா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். ‘நல்ல வீடாச்சே, ஏன் விக்கிறீங்க?’ என்ற கேள்வி தவறாமல் வரும். அதுவே நம்முடைய வெளிப்படுத்தல் விசாரணை. மகள் கல்யாணம், மகன் வெளிநாட்டில் இருக்கிறான், மாடி ஏற முடியவில்லை என்ற பதில்களில் ஒன்றோடு அது முடிந்துவிடுகிறது.

5. தண்ணீர் ஏறிய வீடு: சாதாரணக் கவனத்துக்குப் பருவம் உண்டா?

தென்சென்னையில் ஒரு வீட்டை உறவினர் ஒருவருக்காகப் பார்க்கப் போயிருந்தேன். சித்திரை மாதம். வெயிலில் வீடு பளபளத்தது. தரகர் புதுப் பெயின்ட்டைப் பெருமையாகக் காட்டினார். கூடத்துச் சுவரில் கையை வைத்து மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தபோது இடுப்பளவு உயரத்தில் ஒரு மெல்லிய மேடு தட்டுப்பட்டது. அதற்குக் கீழே பூச்சு புதிது, மேலே பழையது. வீட்டைச் சுற்றி எல்லாச் சுவரிலும் அதே உயரத்தில் அந்தக் கோடு ஓடியது. ப்ளக் பாயின்டுகள் எல்லாம் தரையிலிருந்து நான்கடி உயரத்துக்கு ஏற்றப்பட்டிருந்தன. படுக்கையறை அலமாரியின் மேல் கதவு பழைய ப்ளைவுட், கீழ்க் கதவு புத்தம் புதிது. குளியலறைக் கதவின் பின்பக்கம் மட்டும் பெயின்ட் அடிக்க மறந்திருந்தார்கள். அங்கே சேற்று நிறத்தில் ஒரு கறை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல, மூன்றரை அடியில் நின்றது.

‘தண்ணி வந்துச்சுங்களா?’ என்று கேட்டேன். ‘ஊருக்கே வந்துச்சு சார், இங்க பெருசா ஒண்ணும் இல்ல’ என்றார் தரகர். வீட்டுக்காரர் பேசவில்லை. தெருமுனை இஸ்திரிக் கடைக்காரர், கேட்காமலே, எந்தெந்த வீட்டில் மாடிக்கு எத்தனை நாள் சாப்பாடு போனது என்பதுவரை சொன்னார்.

இந்த வீட்டில் நான்கு நிபந்தனைகளையும் பொருத்திப் பார்க்கலாம். மூன்றரை அடித் தண்ணீர் முக்கியமான குறை. விற்பவருக்குத் தெரியும், வாங்க வந்தவருக்குத் தெரியாது. சாதாரணக் கவனத்தில் தெரியுமா? கறையை நான் கண்டேனே, ஆகவே தெரியக்கூடியதுதான் என்று விற்பவரின் வழக்கறிஞர் வாதிடலாம். இஸ்திரிக் கடைக்காரரிடம் கேட்டிருக்கலாமே என்றும் சொல்லலாம். ஆனால் இடுப்பளவுக்குப் புதுப்பூச்சு பூசி, கோட்டை மறைத்து வைத்தபின், அதைத் தேடிக் கண்டுபிடிப்பது சாதாரணக் கவனமா? மறைப்பதற்கு முயற்சி எடுத்தவர், கண்டுபிடிக்க நீ முயற்சி எடுத்திருக்கலாமே என்று சொல்லும் தகுதியை அந்த முயற்சியாலேயே இழக்கிறார் என்பது என் வாசிப்பு. சிசரோ பிரித்துக் காட்டிய இரண்டாவது நிலை இதுவே.

பருவமும் இதில் சேரும். சென்னைக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. வீடு பார்க்கும் படலம் பிள்ளைகளின் பரீட்சை முடிந்து சித்திரையில் தொடங்குகிறது. கார்த்திகையில் யார் கண்ணுக்கும் தெரியும் ஓதம் சித்திரையில் யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரே குறை ஆறு மாதம் வெளிப்படையாகவும் ஆறு மாதம் மறைவாகவும் இருக்கிறது. எனவே சாதாரணக் கவனம் என்பதை வாங்குபவர் வீட்டைப் பார்த்த நாளை வைத்தே அளக்க வேண்டும்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழை தாம்பரத்தில் 24 மணிநேரத்தில் 49 சென்டிமீட்டராகப் பதிவானது. அடையாற்றங்கரை, முடிச்சூர், வேளச்சேரி எல்லாம் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் மீண்டும் மிதந்தன. வேளச்சேரி ஏரி சுருங்கிச் சுருங்கி இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேரும் முன்பே அதன் விளிம்புகள் மனைகளாகியிருந்தன. பழைய நகரம் தன் உண்மையைத் தெருப்பெயரிலாவது விட்டுவைத்தது. மாம்பலத்தின் நீண்ட ஏரி 1920களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் ஆனது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தின் லேக் ஏரியாவும் அப்படியே. புதிய மனைப்பிரிவுகள் அந்த நினைவையும் அழித்துத் தோட்டம், நகர், அவென்யூ என்று பெயர் சூட்டிக்கொள்கின்றன.

விற்பவரின் தவறில்லாமலும் வீடு பள்ளமாகலாம். தார்ச்சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, தெரு உயர்ந்து வீடு தாழ்ந்த கதை சென்னையின் ஒவ்வொரு பேட்டையிலும் உண்டு. பழைய சாலையைச் சுரண்டி எடுத்தபிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட வேண்டிய நிலை வந்தது. முப்பது வருஷத்துக்கு முன் மூன்று படி ஏறிப்போன வீட்டுக்கு இன்று இரண்டு படி இறங்கிப் போகிறோம். இதில் விற்பவர் குற்றவாளி இல்லை. ஆனால் தண்ணீர் எந்த ஆண்டு, எவ்வளவு உயரம் வந்தது என்பதற்கு அவரே சாட்சி. சர்வே எண்ணைக் கொடுத்துப் பெறும் வில்லங்கச் சான்றிதழில் அந்தச் சாட்சியம் கிடைக்காது.

6. பிற இடங்களின் அனுபவம்

கலிபோர்னியாவில் 1976இல் ஒரு பெண்மணி 1,70,000 டாலருக்கு வீடு வாங்கினார். சரியாக இறுக்கப்படாத கொட்டுமண்ணின்மேல் கட்டப்பட்ட வீடு அது. முன்பே மண் சரிந்திருந்ததை விற்பவர்கள் சொல்லவில்லை. வாங்கிய சிறிது காலத்தில் நிலம் பெருமளவில் நகர்ந்து வீடு சிதைந்தது. சரிவில் வலை விரித்திருந்ததையும் தளம் சமமாக இல்லாததையும் முகவர்கள் பார்த்திருந்தும் மேலே விசாரிக்கவில்லை. ஈஸ்டன் எதிர் ஸ்ட்ராஸ்பர்கர் என்ற இந்த வழக்கில் 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முகவர்களும் பொறுப்பாளிகள் என்றது. விற்பவர் தம் கையால் நிரப்பித் தரவேண்டிய வெளிப்படுத்தல் படிவம் 1987 முதல் அந்த மாநிலத்தில் கட்டாயமானது. வெள்ளம், வடிகால், மண் சரிவு, அனுமதியில்லாத கட்டுமானம், அக்கம்பக்கத்து இரைச்சல் என்று கேள்விகள் அதில் வரிசையாக இருக்கின்றன.

நியூயார்க் கற்றுத்தரும் பாடம் வேறு. அங்கும் 2002 முதல் இத்தகைய படிவம் உண்டு. ஆனால் கொடுக்காதவர் வாங்குபவருக்கு 500 டாலர் விலையில் கழித்தால் போதும் என்ற விதியும் கூடவே இருந்தது. பெரும்பாலான விற்பனைகளில் வழக்கறிஞர்கள் 500 டாலரைக் கழித்துவிட்டுப் படிவத்தைத் தவிர்க்கச் சொன்னார்கள். 2024 மார்ச்சில் அந்த வழி அடைக்கப்பட்டு, வெள்ளம் பற்றிய கேள்விகளும் சேர்க்கப்பட்டன. மௌனத்துக்கு மலிவான விலை வைத்தால் எல்லோரும் மௌனத்தையே வாங்குவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தப் படிவங்களை அப்படியே பெயர்த்து நட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவை எடுத்துக்காட்டுவது ஒன்றே: கடமையைச் சட்டத்தில் எழுதினால் மட்டும் போதாது, அதைக் கேள்விகளாக உடைத்து விற்பவர் கையில் கொடுக்க வேண்டும்.

7. மூன்று மறுப்புகள்

விற்பவர் இன்ஜினியர் இல்லையே, அவரிடம் எதை எதிர்பார்ப்பது என்பது முதல் மறுப்பு. சட்டம் அவரிடம் ஆய்வு கேட்கவில்லை. தெரிந்ததை மட்டும் கேட்கிறது. அடித்தளத்தின் வலிமை அவருக்குத் தெரியாது. மழைநாளில் எந்த மூலையில் பாத்திரம் வைத்தார் என்பது நன்றாகத் தெரியும்.

அக்கறையுள்ள வாங்குபவர் ஓர் இன்ஜினியரை அழைத்துவந்து பார்க்கட்டும் என்பது இரண்டாவது. அழைத்து வருவது நல்லது. ஆனால் அவரும் சித்திரையில்தான் வருவார். இருபது வருஷம் அங்கே வாழ்ந்தவரின் அறிவை ஒரு மணிநேரப் பார்வை ஈடுசெய்யாது.

மூன்றாவது மறுப்பு கனமானது. எளிதில் தள்ள முடியாதது. வெள்ளம் வந்த வீடு என்று எழுதிக் கொடுத்தால் விலை விழும். அந்த வீட்டுக்காரரும் ஒருநாள் ஏமாந்து வாங்கியவர்தான். அவருடைய ஒரே சொத்து அது. அனுமதி கொடுத்த அரசும், பட்டா மனை என்று கூவி விற்றவரும் தப்பிவிட, உண்மை பேசும் கடைசி ஆள் மட்டும் நட்டப்பட வேண்டுமா? இந்த அநீதி உண்மையானது. ஆனால் மௌனம் அதைத் தீர்ப்பதில்லை. நட்டம் முன்பே நிகழ்ந்துவிட்டது. மௌனம் அதை அடுத்த குடும்பத்தின் தலையில் இறக்கிவைக்கிறது, அந்தக் குடும்பம் அடுத்ததன் தலையில். கைமாறும் ஒவ்வொரு முறையும் சாட்சியம் அழிவதால், பள்ளத்தில் மனை போட அனுமதித்தவர்களைக் கேள்வி கேட்கத் தேவையான ஆதாரமும் எங்கும் சேர்வதில்லை. ஒரு தெருவில் முப்பது விற்பனைகளில் முப்பது தாள்கள் ‘2015இல் மூன்றடி, 2023இல் இரண்டடி’ என்று சொன்னால், அது அந்தத் தெருவின் வெள்ள வரலாறாகிறது. வடிகால் கேட்டு மாநகராட்சி முன் வைக்கத்தக்க ஆவணமும் ஆகிறது.

விற்பவருக்கும் இதில் பாதுகாப்பு இருக்கிறது. எழுதிக் கொடுத்த குறை வாங்குபவருக்குத் தெரிந்த குறை. அதைச் சொல்லி அவர்மேல் பின்னால் மோசடி வழக்குப் போட முடியாது. ‘உள்ளது உள்ளபடி’ விற்கிறேன் என்ற பொதுவான வரி அந்தப் பாதுகாப்பைத் தராது. செய்யப்போகும் மோசடிக்கு முன்கூட்டியே ஒப்பந்தத்தில் மன்னிப்பு வாங்கிவைப்பதை ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கை ஏற்பதில்லை.

8. ஒரு தாள்

புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முன்பணம் கொடுத்து எழுதும் கிரய ஒப்பந்தத்தோடு இன்றைக்கே ஒரு தாளை இணைக்கலாம். கிரயப் பத்திரத்தைவிட ஒப்பந்தமே இதற்கு ஏற்ற இடம். பின்வாங்கவும் பேரம்பேசவும் அப்போது வழி இருக்கிறது. கேள்விகள் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். வீட்டுக்குள்ளோ வாசலுக்கோ மழைத்தண்ணீர் வந்ததுண்டா, எந்த ஆண்டு, எத்தனை அடி? எந்தச் சுவரில் ஓதம், எந்தத் தளத்தில் ஒழுக்கு? கரையான் மருந்து எப்போது அடிக்கப்பட்டது? போர் எத்தனை அடி, கோடையில் தண்ணீர் நிற்குமா, உப்பா? கழிவுநீர் பாதாளச் சாக்கடைக்குப் போகிறதா, செப்டிக் டேங்கா? அனுமதி வரைபடத்துக்கு மாறாக எதைக் கட்டினீர்கள்? நோட்டீஸ் வந்ததா? ஃப்ளாட் என்றால் சங்கத்துக்குப் பாக்கி எவ்வளவு, பொது நிதி எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, எனக்குத் தெரியாது என்ற மூன்றில் ஒரு பதில், கீழே கையெழுத்து.

‘எனக்குத் தெரியாது’ என்பதும் நாணயமான பதில். தெரிந்தும் அதை எழுதினால் அது கையெழுத்திட்ட பொய்யாகிவிடும். ஒப்பந்தச் சட்டத்தின் குதிரை உதாரணம் இங்கே வாங்குபவருக்குக் கைகொடுக்கிறது. கேள்வியை எழுத்தில் வைத்துவிட்டால் மௌனத்துக்கு ஒதுங்க இடமில்லை.

மறுவிற்பனைப் பத்திரம் எழுதும் வழக்கறிஞர்களும் ஆவண எழுத்தர்களும் இதைத் தொடங்கலாம். வீட்டுக்கடன் தரும் வங்கிகள் 30 ஆண்டு வில்லங்கம் கேட்பதுபோல இந்தத் தாளையும் கேட்கலாம். இருபது ஆண்டுக் கடனுக்கு ஈடாக நிற்கப்போவது அந்தச் சுவர்கள்தான். பதிவுத்துறை தன் மாதிரி ஆவணங்களோடு இதற்கும் ஒரு மாதிரி வெளியிட்டால் ஒரே ஆண்டில் வழக்கமாகிவிடும்.

நம் பத்திர மொழியில் வில்லங்கம் என்ற சொல்லுக்குப் பெரும் மதிப்பு உண்டு. அதைப் பார்த்தாலே விற்பவரும் வாங்குபவரும் எழுத்தரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஜப்தியும் அடமானமும் போலவே, குளியலறைக் கதவின் பின்னால் மூன்றரை அடியில் நின்ற அந்தக் கறையும் சொத்தின்மேல் இருக்கும் வில்லங்கம். முந்தையவை பணத்தைக் கட்டினால் நீங்கும். இது ஒவ்வொரு கார்த்திகையிலும் திரும்பி வரும். அந்த வீட்டுக்காரர் அன்று ‘ஆமாங்க, 2015லே மூன்றரை அடி வந்தது’ என்று சொல்லியிருந்தால், என் உறவினர் விலையைக் குறைத்துக் கேட்டிருப்பார். தரைத்தளத்தை உயர்த்தும் செலவைக் கணக்கிட்டிருப்பார். ஒருவேளை வாங்கியும் இருப்பார். அவர் வேண்டாமென்று திரும்பியது தண்ணீருக்குப் பயந்து இல்லை. சுவரில் பூசி மறைத்தவர் பத்திரத்தில் எதையெல்லாம் மறைத்திருப்பாரோ என்ற சந்தேகமே அவரைத் திருப்பி அனுப்பியது.